பத்துக்கு ஒன்று

மார்கழி வந்து நகரத்தின்மேல் ஓசையின்றி அமர்ந்திருந்தது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஆர்ப்பரித்த முகில்கள் தம் கைப்பொருள் அனைத்தையும் கொட்டித் தீர்த்துவிட்டு, வெளிறிய முகத்தோடு கடல் தாண்டிப் போயின. அவை விட்டுச்சென்ற ஈரம் பனியாக மாறி, கோபுரக் கலசங்களையும் தொலைத்தொடர்புக் கம்பங்களையும் வேறுபாடு பாராமல் நனைத்தது. தேவருக்கு இது வைகறை என்று முன்னோர் வகுத்துவைத்த மாதம். மண்ணுலகத்தார் தம் குரலைச் சற்றே தாழ்த்திக்கொண்டு, விண்ணுலகத்தார் கண்விழிக்கக் காத்திருக்கும் மாதம். வாசல் என்ற ஒன்றே இல்லாத அறுபது மாடிக் குடியிருப்புகளிலும், மின்தூக்கியின் முன்னே கிடைத்த ஒரு முழ இடத்தில் யாரோ கோலமிட்டு நடுவில் பூசணிப்பூ வைத்திருந்தார்கள். அலுவலகத்துக்கு விரைபவர்கள்கூட அதை மிதியாமல் காலை எட்டி வைத்தே உள்ளே ஏறினார்கள். எதையும் உரத்துச் சொல்லலாகாது என்பது அந்த மாதத்தின் குணம்.

அந்த மாதத்தில்தான், எல்லாவற்றையும் உரத்துச் சொல்லிவிடும் நிகழ்ச்சி ஒன்று ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு ஊரையே தொலைக்காட்சியின் முன் கட்டிப்போட்டது. அதன் பெயர் 'ஈருடல் ஓருயிர்'. புகழ்பெற்ற தம்பதியர் மேடையேறுவர். ஒருவரைப் பற்றிய கேள்விக்கு மற்றவர் விடை சொல்ல வேண்டும். கேள்விகள் பத்து.

இதில் புதுமை என்ன என்று கேட்கலாம். முன்னாளில் இத்தகைய போட்டிகளில் கணவர் ஒரு பலகையில் எழுதுவார், மனைவி ஒரு பலகையில் எழுதுவார். இரண்டும் ஒத்தால் மணி அடிக்கும். வரும் வழியில் காரிலேயே ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம். நெற்றியில் கட்டும் பட்டை வந்தபின் அந்த வசதி போயிற்று.

பூந்தமல்லியில் இருந்த படப்பிடிப்புக் கூடத்தின் ஒப்பனை அறையில், பொறியாளர் நசீமா அந்தப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நெற்றிச்சுட்டியைவிடச் சற்றே அகலம். தாழம்பூ மடலின் நிறம்.

"இது ஒரு கண்ணாடி மாதிரி, மேடம். மூஞ்சிக்குப் பதிலா மனசைக் காட்டும், அவ்வளவுதான்" என்றாள்.

நாற்காலியில் அமர்ந்திருந்த அமுதவல்லி, நாடறிந்த பாடகி. வயது ஐம்பத்தொன்று. "நான் வாயையே திறக்கலன்னா?" என்று கேட்டார்.

"வாய் வேணாம் மேடம். கேள்வி காதுல விழுந்த அரை நொடியில மனசு தானா பதிலை எடுத்து வச்சிரும். அதைப் பட்டை படிச்சுத் திரையில போட்டுரும். நீங்க என்ன சொல்லுவீங்கங்கறது கணக்கே இல்ல."

பக்கத்து நாற்காலியில் மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தவர் அவருடைய கணவர் பூவராகன். நூற்றுப் பதினான்கு படங்களில் வில்லன். "அப்ப பொய்யே சொல்ல முடியாதா?" என்றார் கவலையோடு.

"முடியாது சார்."

"முப்பது வருஷமா அதானேம்மா எனக்குப் பொழப்பு."

நசீமா சிரித்தாள். பிறகு, பலமுறை சொல்லிப் பழகிய குரலில், "பத்தாவது கேள்வியை நாங்க எழுதறதில்ல சார். ஒரு விஷயத்தை நினைக்கக்கூடாதுன்னு ஒருத்தர் முடிவு பண்ணிட்டா, மனசு அதைச் சுத்தியேதான் நடக்கும். அந்தக் காலடித் தடத்தை வச்சுப் பட்டையே ஒரு கேள்வியைப் போட்டுக்கும். அதைத்தான் ஜனங்க எதிர்பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க" என்றாள்.

கணவர் கண்ணாடியில் மீசையைப் பார்த்தார். மனைவி கண்ணாடியில் நெற்றியைப் பார்த்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

அவர்கள் விரும்பி வரவில்லை. பூவராகனின் புதுப்பட ஒப்பந்தத்தில், விளம்பரத்துக்காக இந்த நிகழ்ச்சிக்கு வந்தாக வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. மறுத்திருக்கலாம். ஆனால் மறுத்தவர்களை ஊர் சும்மா விடுவதில்லை. 'பட்டைக்குப் பயந்தவர்' என்று அவர்களுக்கு ஒரு பட்டப்பெயரே கிடைத்துவிடும். அந்த அளவுக்குப் பட்டை நாட்டில் வேரூன்றிவிட்டது. வீட்டில் வைத்துப் பார்க்கச் சிறிய பட்டைகள் கடைகளில் கிடைத்தன. பெண் பார்க்க வருபவர்கள் சாதகக் கட்டுக்குப் பதிலாகப் பட்டையைக் கொண்டுவந்தார்கள். எண்பதுக்குக் கீழே மதிப்பெண் பெற்றவர்களுக்குத் திருமண மண்டபத்தார் முன்பதிவு செய்யத் தயங்கினார்கள். நிகழ்ச்சிக்கு அதுவரை வந்த நாற்பத்தொரு தம்பதியரில் பத்தொன்பது இணையர் இப்போது தனித்தனி வீடுகளில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூடப் பெரிய குற்றம் எதையும் மறைத்தவர் அல்லர். ஒரு பிறந்தநாள் பரிசு பிடிக்கவில்லை என்பது, ஒரு மாமியாரின் சாம்பார், ஒரு பழைய சிரிப்பு; இப்படிச் சிறுசிறு பொய்கள். அவற்றின்மேல் வீடு நின்றது என்பது, அவற்றை உருவியபின்தான் தெரிந்தது.

அமுதவல்லியிடமும் அப்படி ஒன்று இருந்தது.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் அவருடைய குரல்நாணில் ஒரு சிறு கட்டி வந்து, அறுவை செய்து அகற்றினார்கள். இனித் தாராளமாகப் பாடலாம் என்றார் மருத்துவர். அமுதவல்லியால் முடியவில்லை. வாயைத் திறந்தால் பழைய குரல் வராமல் போய்விடுமோ என்ற அச்சத்தில் எட்டு மாதம் மௌனமாக இருந்தார். அவ்வாண்டு மார்கழி முதல்நாள் விடியற்காலையில், அதுவரை ஒரு தாலாட்டுக்கூட முணுமுணுத்தறியாத பூவராகன் குளித்து நெற்றிக்கு இட்டுக்கொண்டு, பெருமாள் படத்தின் முன் அமர்ந்து பாசுரம் பாடத் தொடங்கினார். அடுத்த அறையில் படுத்திருந்த அமுதவல்லி காதைப் பொத்திக்கொண்டார். முதல் மூன்று அடிகள் எப்படியோ நடந்தன. நான்காம் அடியில் ஏற வேண்டிய இடத்தில் குரல் ஏறாமல், சுருதியில் கால்படி இறங்கி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. இரண்டாம் நாளும் அதே கதி. மூன்றாம் நாள், பொறுக்க மாட்டாமல் போர்வைக்குள்ளிருந்து அந்த ஓர் அடியை அமுதவல்லி சரியாகப் பாடிப்பார்த்தார். தம் காதைக் கழுவிக்கொள்ளத்தான் பாடினார். பாடி முடித்தபோதுதான், குரல் திரும்பிவிட்டது என்று தெரிந்தது.

அன்று முதல் ஒவ்வொரு மார்கழியும் அவர் பாடுவதும், "நல்லா இருந்ததுங்க" என்று இவர் சொல்வதும், அவர் அப்பால் போனபின் அந்த நான்காம் அடியை இவர் தனியே திருத்திப் பாடுவதும் வழக்கமாயின. திருத்திய பின்னரே தொண்டை திறக்கும். அதைத் திருத்தாமல் எந்த மேடையிலும் ஏற அமுதவல்லியால் இயலாது. மறுநாள் திங்கட்கிழமை மாலை அவருக்கு இந்த ஆண்டின் பெரிய கச்சேரி. அந்தப் பாட்டைப் பற்றித் தமக்குத் தெரிந்தது இன்று திரையில் ஏறிவிட்டால், நாளை விடியற்காலை பூவராகன் வாயைத் திறக்க மாட்டார். அவர் திறவாவிட்டால், மாலையில் இவருடைய வாயும் திறவாது.

ஆகவே அதை நினைக்கக்கூடாது என்று முடிவு செய்தார். நசீமா சொன்னபடி, மனம் அதையே சுற்றி நடக்கத் தொடங்கியது. அதற்கு வேறு வேலை கொடுக்க எண்ணி, சிறுமியாயிருந்தபோது பிரம்புக்குப் பயந்து மனப்பாடம் செய்த எழுபத்திரண்டு தாய் ராகங்களின் பெயர் வரிசையை உள்ளுக்குள் ஓதலானார்.

மேடையில் விளக்குகள் எரிந்தன. தொகுப்பாளன் ரிஷ்வந்த் துள்ளிக்கொண்டு வந்தான்.

"முதல் கேள்வி பூவராகன் சாருக்கு! அமுதவல்லி மேடத்துக்கு ரொம்ப ரொம்பப் பிடிச்ச டிபன் எது?"

"இதென்ன தம்பி, கேள்வியா? குழிப்பணியாரம். காரமா இருக்கணும்."

"மேடம் மனசு என்ன சொல்லுது? திரையைப் பாப்போம்!"

திரையில் 'கனகாங்கி' என்று வந்தது.

ரிஷ்வந்த் அட்டையைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். "மேடம், இது... ஆந்திரா டிபனா?"

"ஆமாப்பா. கிடைக்கறது கஷ்டம்" என்றார் அமுதவல்லி முகம் மாறாமல்.

இரண்டாம் கேள்வி அவருக்கு. "சார் உங்களை முதல்முதலா பாத்தாரே, அந்த நிமிஷம் அவர் மனசுல என்ன ஓடிச்சு?"

"பசிக்குதுன்னு ஓடியிருக்கும். மத்தியானம் ரெண்டு மணி, கல்யாண வீடு, பந்தி முடிஞ்சு போச்சு."

கூட்டம் சிரித்தது. பூவராகனின் மனம் திரையில் எழுந்தது: 'இவளைத் துறைமுகக் கிடங்கில் அடைத்து வை. கப்பல் வந்ததும் பேசிக்கொள்ளலாம்.'

ரிஷ்வந்த் இரண்டடி பின்வாங்கினான். "சார்!"

"பயப்படாத தம்பி. அடுத்த படத்து வசனம். மனப்பாடம் பண்ணிட்டிருக்கேன்."

"இப்பவா சார்?"

"காலையில ஏழு மணிக்கு ஷூட்டிங் இருக்கே."

மூன்றாம் கேள்வி: மேடத்தின் மனத்துக்கு மிக நெருக்கமான பெயர் எது? "பூவராகன்தான், வேற யாரு?" என்று மார்பைத் தட்டிக்கொண்டார் பூவராகன். திரையில் 'கானமூர்த்தி' என்று வந்தது.

ஊரெங்கும் கைபேசிகள் விழித்துக்கொண்டன. யார் அந்தக் கானமூர்த்தி? அமுதவல்லியின் பழைய பக்கவாத்தியக்காரரா? கல்லூரித் தோழரா? அது ஒரு ராகத்தின் பெயர் என்று சில இசை மாணவர்கள் கத்திப்பார்த்தார்கள்; அவ்வளவு சுவையற்ற செய்தியை எவரும் காதில் வாங்கவில்லை.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. கானமூர்த்தின்னு யாரையாவது தெரியுமா?" என்றான் ரிஷ்வந்த்.

பூவராகனின் உதடுகள் ஒரு கணம், வரிசையில் அடுத்து வரவேண்டிய பெயரைச் சொல்லப்போவது போலக் குவிந்தன. உடனே இறுகின. "தெரியாது" என்றார். கட்டுப்பாட்டு அறையிலிருந்து அந்த உதட்டசைவை நசீமா பார்த்தாள். மேடையில் அமுதவல்லியும் பார்த்தார்.

இவ்வாறே ஒன்பது கேள்விகளும் நடந்தன. மனைவியின் மனத்தில் ராகங்கள் அணிவகுத்தன. கணவரின் மனத்தில் ஒருவன் ஆள் கடத்தினான், பாலத்துக்கு வெடி வைத்தான், 'இந்த ஊருக்கு நான்தான்டா சட்டம்' என்று முழங்கினான். மதிப்பெண் ஒன்பதுக்குச் சுழியம். நிகழ்ச்சி தொடங்கிய நாள்முதல் இப்படி ஒரு தம்பதியரை எவரும் கண்டதில்லை. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வெறியோடு பத்தாம் கேள்விக்குக் காத்திருந்தது. நான்கு நிமிட விளம்பர இடைவேளை விட்டார்கள்.

கட்டுப்பாட்டு அறையில் நசீமாவின் முன்னால் இரண்டு தடங்கள் ஒளிர்ந்தன. ராகங்களுக்கு அடியிலும் வசனங்களுக்கு அடியிலும் பட்டை தோண்டிவிட்டிருந்தது.

மனைவியின் தடம்: 'விடியற்காலை. அவர் பாட்டு. நான் சொல்வது பொய். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியக்கூடாது.'

கணவரின் தடம்: 'விடியற்காலை. என் பாட்டு. நான் தவறுவது பொய். அவளுக்குத் தெரியக்கூடாது.'

இரண்டையும் சேர்த்துப் பட்டை பத்தாம் கேள்வியைத் தயாரித்திருந்தது: 'இவர்கள் வீட்டில் மார்கழி விடியலில் நடப்பது பக்தியா, நடிப்பா?'

கேள்வி மிக நன்றாக இருந்தது. நசீமாவின் கை ஒப்புதல் பொத்தானுக்குப் போகவில்லை. அவள் கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு, பட்டையைச் சரிசெய்யும் சாக்கில் மேடைக்கு இறங்கினாள்.

அமுதவல்லி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நசீமா, கண்டுபிடிச்சிருச்சா?"

"ம்."

"அதைக் கேக்க விட்டுராதம்மா. நாளைக்கு அவர் பாடலன்னா என்னால மேடை ஏற முடியாது."

"பாட்டு நல்லா இல்லன்னு தெரிஞ்சா சார் அவ்வளவு வருத்தப்படுவாரா மேடம்?"

அமுதவல்லி அவளை ஒரு நொடி உற்றுப் பார்த்தார். "அப்படியே வச்சுக்கயேன்" என்றார்.

பூவராகன் மேடையின் மறுமுனையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நசீமா நெருங்கியதும், "பட்டைகிட்ட என் வேஷம் செல்லலயாம்மா?" என்றார் தணிந்த குரலில்.

"இல்ல சார். உங்களுக்குப் பாடத் தெரியும்."

"எங்கப்பா திருமுட்டத்துல கோயில் கோஷ்டியில பாசுரம் சேவிச்சவரு. ஒம்பது வயசுல எனக்கு அத்தனையும் பாடம். சினிமாவுக்கு வந்தப்புறம் எவன்கிட்டயும் சொல்லல. வில்லனுக்கு எதுக்குப் பாட்டு?" அவர் மனைவி இருந்த பக்கம் பார்த்துக்கொண்டார். "ஆபரேஷனுக்கப்புறம் எட்டு மாசம் ஊமை மாதிரி இருந்தா. பாடுன்னு சொன்னா அழுவா. நான் என்னம்மா செய்வேன்? எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். யாராவது தப்பாப் பாடினா அவளால தாங்கிக்க முடியாது. எங்க கல்யாணத்துல, மாலையும் கழுத்துமா உக்காந்துக்கிட்டு நாதஸ்வரக்காரரைத் திருத்தினவ அவ."

"அதனால வேணும்னே தப்பாப் பாடினீங்க."

"மூணாவது நாள் போர்வைக்குள்ளேர்ந்து வந்துச்சு பாரு குரல்! சமையலறைக்குள்ள போய்க் குழாயைத் தொறந்துவிட்டுட்டு அழுதேன்."

"இப்பதான் நல்லாப் பாடறாங்களே சார். இன்னும் எதுக்கு?"

"இன்னிக்கும் கச்சேரின்னா கை நடுங்கும். அந்த ஒரு அடியைத் திருத்திட்டா நடுக்கம் நின்னுரும். அது நான் செஞ்ச தந்திரம்னு தெரிஞ்சுதுன்னா, அப்புறம் திருத்தறதுக்கு அங்க என்ன இருக்கு?" அவர் குரல் இன்னும் தாழ்ந்தது. "பெருமாள் பாட்டைத் தெரிஞ்சே தப்பாப் பாடறேன். பாவம்தான். தினமும் மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் வாயைத் திறக்கறேன். அந்தக் கணக்கை நானும் அவரும் பாத்துக்கறோம். நீ நடுவுல வராதம்மா."

இடைவேளை முடிய ஒரு நிமிடம் இருந்தது. நசீமா கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பினாள்.

பட்டையை உருவாக்கியபோது, முதலில் சோதித்துப் பார்த்தது தன்மீதும் தன் கணவன் இம்ரான்மீதும்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. அலுவலகமே கைதட்டியது. அதன்பின் வீட்டில் ஒருவரையொருவர் கேட்க எதுவும் மிஞ்சவில்லை. அவன் வாயெடுக்குமுன் இவளுக்கு விடை தெரியும். இவள் முகம் சுளிக்குமுன் அவனுக்குக் காரணம் தெரியும். ஓராண்டில், சண்டை எதுவும் இல்லாமல், அவன் வேறு வீட்டுக்குப் போய்விட்டான். அந்தத் தொண்ணூற்றேழை அவள் இன்றுவரை வெற்றியென்றுதான் எழுதிவந்தாள்.

திரையில் இருந்த கேள்வியை அழித்தாள். பத்தாம் கேள்வியில் மனிதக் கை படக்கூடாது என்பது விதி. தெரிந்தால் வேலை போய்விடும். அழித்த இடத்தில் வேறொன்றைத் தட்டினாள்.

"வெல்கம் பேக்!" என்றான் ரிஷ்வந்த். தன் முன்னிருந்த சிறு திரையில் வந்த கேள்வியைப் படித்தான். முகம் விழுந்தது. "பத்தாவது கேள்வி, ரெண்டு பேருக்கும் சேர்த்து... 'நாளைக் காலையில் உங்கள் வீட்டில் முதலில் கண்விழிப்பவர் யார்?' இதானா? சரி. சார்?"

பூவராகன் மூச்சை விட்டார். "நான்தான்."

"மேடம்?"

"அவர்தான்."

இருவர் நெற்றியிலும் இருந்த பட்டைகள் ஒருசேரப் பச்சை காட்டின. ராகங்களும் ஆள்கடத்தலும் விலகி, திரையில் முதன்முறையாக ஒரே சொல் இரண்டு முறை வந்தது. விடையில் 'அவர்', 'நான்' என்று வந்தால் பட்டை ஆளின் பெயரையே போடும். அது 'பூவராகன்', 'பூவராகன்' என்றே எழுதிற்று.

பத்துக்கு ஒன்று.

முப்பது விழுக்காட்டுக்குக் கீழே பெற்றவர்களுக்கு நிகழ்ச்சியில் ஒரு தண்டனைச் சடங்கு உண்டு. அதற்கு 'மறு அறிமுகம்' என்று பெயர். தம்பதியரை அந்நியர்களைப் போல எதிரெதிரே நிறுத்திப் புதிதாக அறிமுகம் செய்துவைப்பார்கள். அதில் அழுதவர்கள் உண்டு; மேடையை விட்டு ஓடியவர்களும் உண்டு.

"சார், இவங்க அமுதவல்லி. மேடம், இவர் பூவராகன்" என்றான் ரிஷ்வந்த், இரக்கமும் குறும்பும் கலந்த குரலில். "பேசிப் பழகுங்க!"

பூவராகன் கைகூப்பினார். "வணக்கங்க. படத்துல வில்லனா நடிக்கிறேன். மத்தபடி தங்கமான மனுஷன்."

"வணக்கம். பாட்டுப் பாடுவேன்" என்றார் அமுதவல்லி.

"அப்படியா! நானும் கொஞ்சம் பாடுவேன்."

"அடடா. ஒரு நாளைக்குக் கேக்கணுமே."

"காலையில சீக்கிரம் எந்திரிக்கணும். பரவால்லயா?"

"பழக்கம்தான். பக்கத்து வீட்டுல ஒருத்தர் எழுப்பிவிட்டுருவாரு."

கூட்டம் சிரித்தது. அவர்கள் இருவரும் கூப்பிய கையைப் பிரிக்காமல் சற்று நேரம் நின்றுகொண்டே இருந்தார்கள். பார்வையாளர் வரிசையில் ஒரு பெண், பக்கத்தில் இருந்த கணவனைப் புதிதாகப் பார்ப்பது போலத் திரும்பிப் பார்த்தாள்.

நிகழ்ச்சி முடிந்தது. ஒப்பனை அறையில் நசீமா பட்டையைக் கழற்றினாள். பூவராகன் வண்டியைப் பார்க்கப் போயிருந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? அவர் பாட்டு..." என்று இழுத்தாள். கேட்டுவிட்டால் அந்த மனிதரைக் காட்டிக்கொடுத்தவளாகிவிடுவோமோ என்று நிறுத்தினாள்.

அமுதவல்லி நெற்றியில் பட்டை அழுத்திய தடத்தைத் தேய்த்துக்கொண்டார். "உனக்குப் பாட்டு வருமா நசீமா?"

"சுத்தமா வராது மேடம்."

"நாலு தடவை ஒரே பாட்டைப் பாடு, நாலு இடத்துல தப்புவ. சுருதி தெரியாதவங்க அப்படித்தான்; ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். அவங்க கையில இல்ல அது." அவர் குரல் ஒரு ரகசியம் பேசுவது போலக் குழைந்தது. "பதினாலு வருஷமா ஒரு மனுஷர் அதே அடியில, அதே எழுத்துல, அதே கால்படி இறங்கறார். ஒரு நாள்கூட அரைக்கால் பிசகினதில்ல. அப்படித் தப்பறதுக்கு எவ்வளவு நல்லாப் பாடத் தெரிஞ்சிருக்கணும், சொல்லு!"

நசீமா கையிலிருந்த பட்டையை மேசைமேல் வைத்தாள். "உங்களுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"முதல் வருஷம் அஞ்சாவது நாள்லேர்ந்து. நாலு நாள் நெசமாவே நம்பிட்டேன். அஞ்சாம் நாள்தான் உறைச்சுது."

"அப்ப அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லிட்டா அவர் எதுக்குப் பாடணும்?" வெளியே வண்டியின் ஒலி கேட்டது. அமுதவல்லி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "வரேம்மா. இன்னிக்கு நீ செஞ்சதை மறக்க மாட்டேன். அது என்னன்னும் கேக்க மாட்டேன்."

அவர்கள் போனபின் நசீமா வாகன நிறுத்தத்தில் ஒரு தூண் ஓரமாக நின்று, ஓராண்டாகத் தொடாத எண்ணைத் தொட்டாள்.

"என்ன நசீமா?" என்றது இம்ரானின் குரல்.

"ஒண்ணுமில்ல. சாயங்காலம் டீ குடிச்சீங்களான்னு கேக்கத்தான்."

மறுமுனையில் வியப்பு. "உனக்குத்தான் தெரியுமே."

"தெரியாது" என்றாள் அவள். "நீங்க சொல்லுங்க."

மறுநாள் திங்கட்கிழமை. இருள் பிரியாத வேளை. குடியிருப்பின் முப்பத்திரண்டாம் மாடியில், மின்தூக்கியின் முன்னே ஈரக்கோலத்தில் பூசணிப்பூ விரிந்திருந்தது. பூவராகன் குளித்து, நெற்றிக்கு இட்டு, விளக்கேற்றினார். படத்திலிருந்த பெருமாளின் பக்கம் சற்றே குனிந்து, "இன்னிக்கும் கொஞ்சம் பொறுத்துக்கணும்" என்று கேட்டுக்கொண்டார். பிறகு பாடினார். மூன்று அடிகள் நேர்வழியில் நடந்தன. நான்காம் அடியில், ஏற வேண்டிய எழுத்தில், எந்நாளும் இறங்கும் அதே கால்படி இறங்கி, அங்கே அமர்ந்தார்.

"நல்லா இருந்ததுங்க" என்றார் கதவோரம் நின்ற அமுதவல்லி.

"சும்மா சொல்லாத."

"நெசமாத்தான்."

"சரி சரி. பொங்கல் அடிப்பிடிக்கப் போகுது, நான் பாக்கறேன்." அவர் சமையலறைக்குள் நுழைந்து, கரண்டியால் வேண்டிய அளவுக்குமேல் ஓசை எழுப்பினார்.

அமுதவல்லி விளக்கின் முன் அமர்ந்தார். தட்டிலிருந்த துளசியில் இரண்டு இலைகளைக் கிள்ளி எடுத்தார். ஒன்று, பிழையாகப் பாடியவருக்காக. மற்றொன்று, நன்றென்று சொன்ன தமக்காக. இரண்டையும் திருவடியில் சேர்த்துவைத்துக் கண்களை மூடி, அந்த நான்காம் அடியை, ஏற வேண்டிய இடத்தில் ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்று, மெல்லப் பாடி முடித்தார். கையில் நடுக்கம் இல்லை. சமையலறையில் கரண்டியின் ஓசை நின்றிருந்தது.

அறிந்தும் அறியார்போல் அன்பினைக் காப்பவர் வாழி! அவர்தம் இல்லத்து விடியலும் விளக்கும் வாழி! பிழையைப் பாட்டென்றும் பொய்யைத் துளசியென்றும் ஏற்றருளும் அவன் திருச்செவி வாழி! கேட்டறிய இன்னும் ஒன்று மிச்சமிருக்கும் வீடுகள்தோறும் மார்கழிப் பனி குளிரப் பெய்க, மங்கலம் பெருகுக.